துணி துவைப்பதில் எழும் சந்தேகங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார வீடுகளுக்கான கேள்வி பதில்

எவ்வளவு சோப்புத்தூள் போட்டாலும் நுரை வருவதில்லை. துவைத்த துண்டு காய்ந்தபின் அப்பளம் போல விறைத்துக்கொள்கிறது. பவுடரை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகாது. இந்த இரு மாவட்டங்களிலும் துணி துவைப்பது பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு மேல் சோப்பைப் பற்றியவை போலத் தோன்றினாலும், உண்மையில் அவை தண்ணீரைப் பற்றியவை. கருங்கல் பாறைகளுக்கு இடையே ஆழத்திலிருந்து வரும் போர்வெல் நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. இவை மிகுந்த நீரைத்தான் கடின நீர் என்கிறோம். நீங்கள் போடும் சோப்பின் முதல் பங்கு அழுக்கை அகற்றப் போவதில்லை. அந்த உப்புகளோடு சேர்ந்து, நீரில் கரையாத, தயிர்த் திரி போன்ற ஒரு படிவாக மாறிவிடுகிறது. அந்தப் படிவு முழுவதும் அலசும் நீரோடு போய்விடுவதுமில்லை. நூலிழைகளுக்கு நடுவே தங்கிக் காய்ந்து, துண்டை விறைக்கச் செய்கிறது, வெள்ளைத் துணியைச் சாம்பல் நிறமாக்குகிறது, கறுப்புத் துணியில் வெண்மையான திட்டுகளாகத் தெரிகிறது.

டிடர்ஜென்ட் பவுடர் சாதாரண சோப்பைப் போலத் திரியாது என்பது உண்மைதான். ஆனாலும் அதில் சேர்க்கப்பட்டிருக்கும் நீரை மென்மையாக்கும் பொருள்கள் ஓரளவு கடினத்தன்மையைத்தான் தாங்கும். ஆகவே பவுடரை மாற்றுவதற்கு முன்னால் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

தண்ணீர் கடினமானதா என்பதை வீட்டிலேயே எப்படி அறிவது?

மூடியுள்ள ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு போர் தண்ணீரையும், அதே மாதிரியான இன்னொரு பாட்டிலில் அதே அளவு மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மென்னீர் உள்ள பாட்டிலில் நுரை எழுந்து நிற்கும், அடியில் நீர் தெளிவாக இருக்கும். கடின நீர் உள்ள பாட்டிலில் நுரை உடனே அடங்கி, நீர் பால்போலக் கலங்கி, மேலே வெண்ணிறத் துணுக்குகள் மிதக்கும். அந்தத் துணுக்குகள்தான் உங்கள் சட்டையில் ஒட்டிக்கொள்பவை. இந்தச் சோதனைக்குத் துணி துவைக்கும் டிடர்ஜென்ட் கட்டியைப் பயன்படுத்தினால் வேறுபாடு சரியாகத் தெரியாது. எண்ணெயிலிருந்து செய்யப்பட்ட சோப்பே வேண்டும்.

அளவு தெரிய வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு விதித்திருக்கும் அளவுப்படி, ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதிக்கலாம். குடிக்க அனுமதிக்கப்பட்ட அந்த 600, துவைப்பதற்கு மிக அதிகம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை. அதை எப்படிப் பக்குவப்படுத்துவது?

மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் சலவைச் சோடா போதும். இது சோடியம் கார்பனேட். சமையலில் போடும் ஆப்பச் சோடா வேறு, அது இந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்யாது. ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் ஒரு பக்கெட், அதாவது 15 லிட்டர் இருந்தால், அதை மென்மையாக்க உலர்ந்த சலவைச் சோடா ஏறத்தாழ 8 கிராம் தேவைப்படும். பளபளப்பான கட்டியாகக் கிடைக்கும் சோடாவில் பாதிக்கு மேல் நீரே என்பதால், அதில் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமாக வேண்டும்.

பலர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. சோடாவைப் போட்டவுடன் சுண்ணாம்பு வெண்தூளாகப் பிரிந்து நீர் கலங்கும். அந்தக் கலங்கலிலேயே துணியை ஊறவைத்தால், எதை அகற்ற நினைத்தோமோ அதையே துணியில் படிய வைத்ததாகிவிடும். இரவே சோடாவைக் கலக்கி வைத்துவிட்டு, காலையில் அடிமண்டியை அசைக்காமல் தெளிந்த நீரை மட்டும் மொண்டு எடுத்துத் துவையுங்கள். பட்டு, கம்பளி ஆகியவற்றுக்கு இந்த நீர் ஆகாது.

அலசுவதற்கும் சோடா கலந்த நீரைப் பயன்படுத்த வேண்டியதில்லை. முதல் இரண்டு அலசல்களைப் போர் தண்ணீரிலேயே முடித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ குழாயில் வரும் ஆற்றுநீரோ கிடைத்தால் பயன்படுத்துங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், கடைசி பக்கெட்டில் வெள்ளை வினிகர் இரண்டு மூன்று மேசைக்கரண்டி விடலாம். படிந்திருக்கும் சுண்ணாம்பையும் சோப்பு மிச்சத்தையும் அந்த இலேசான அமிலம் கரைத்துவிடும். காய்ந்தபின் வாசனை தங்காது. விறைத்துப்போன பழைய துண்டுகளைக்கூட இந்த முறையில் சில துவையல்களில் மீட்டுவிடலாம். அதற்காகத் துணியை மென்மையாக்கும் கண்டிஷனரை ஊற்றாதீர்கள். அது நூலின்மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சைப் பூசிவிட, துண்டு தொடுவதற்கு மிருதுவாக இருந்தும் ஈரத்தை உறிஞ்சாது.

ஃபுளோரைடு கலந்த தண்ணீரில் துவைத்தால் துணி கெடுமா? ஒகேனக்கல் தண்ணீரைத் துவைக்கச் செலவழிக்கலாமா?

ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பாதிப்பது குடிநீர், உணவு வழியாக உள்ளே போகும்போதுதான். துணிக்கு அதனால் கேடில்லை, துவைக்கும் கைக்கும் கேடில்லை. ஃபுளோரைடு மிகுந்த நீர் கடின நீராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கால்சியம் குறைந்த நீரில்தான் ஃபுளோரைடு எளிதாகக் கரைந்து நிற்கிறது. இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். கொதிக்க வைத்தால் ஒருவகைக் கடினத்தன்மை நீங்கும், ஆனால் ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது, இந்த மக்கள் குடிப்பதற்கு நல்ல நீர் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே. அது முறை வைத்து வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் போக மீதி இருந்தால், வெள்ளைத் துணிகளின் கடைசி அலசலுக்கு ஒரு பக்கெட் எடுப்பதில் தவறில்லை. துவையல் முழுவதையும் அதில் செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்? இரவு முழுவதும் ஊறினால் அழுக்கு நன்றாகப் போகுமா?

சாதாரண அழுக்குக்கு அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் ஊறினால், பிரிந்த அழுக்கு மீண்டும் துணியிலேயே படியத் தொடங்கும். வெயில் காலத்தில் இரவு முழுவதும் கிடந்த பக்கெட்டிலிருந்து எழும் புளித்த வாடையும் துணியோடு ஒட்டிக்கொள்ளும். சட்டைக் காலர், மணிக்கட்டுப் பகுதி, வேட்டியின் அடிக்கரை ஆகியவற்றில் மட்டும் ஊறவைப்பதற்கு முன்பே சோப்பைத் தேய்த்து விடுங்கள். காலரில் இருப்பது தோலின் எண்ணெய்ப்பசை. அது நீரில் நனைந்துவிட்டால் சோப்பு உள்ளே இறங்குவது கடினம் என்பதால், உலர்ந்த காலரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு துளி விட்டு விரலால் தடவி, கால் மணி நேரம் விட்டுப் பிறகு ஊறவைப்பது பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்து காலரைக் கிழிப்பதைவிட மேலானது.

பவுடர், லிக்விட், கட்டி சோப்பு: எது நல்லது?

கடின நீருக்குப் பவுடரே பொருத்தம். அதில் பொதுவாகச் சோடா சேர்ந்திருக்கும். லிக்விட் எண்ணெய்க் கறைக்கும், கறுப்பு உடைகளுக்கும், குளிர்ந்த நீரில் துவைப்பதற்கும் ஏற்றது. கட்டி சோப்பு காலருக்கும் கால்சட்டை முட்டிக்கும்.

வெள்ளைச் சட்டையும் வேட்டியும் மங்கிப் பழுப்பேறுகின்றன. பிளீச் போடுவதா, சொட்டு நீலம் போடுவதா?

இரண்டும் இரு வேறு வேலைகள். சொட்டு நீலம் அழுக்கை அகற்றாது. துணியின் மஞ்சள் சாயலைத் தன் நீலத்தால் மறைத்து, கண்ணுக்கு வெண்மையாகக் காட்டும், அவ்வளவுதான். சோப்பு முழுவதும் போன பிறகு, கடைசி அலசலில், நீலத்தை முதலில் ஒரு குவளை நீரில் கரைத்துப் பின் பக்கெட்டில் கலந்து, துணியை விரித்து முக்கி உடனே எடுக்க வேண்டும். சுருட்டிய துணியின்மேல் நேரடியாகச் சொட்டினால் திட்டு விழும். திட்டு விழுந்துவிட்டால் காய விடாமல் நிறைய நீரில் அலசி, மறுபடி சோப்பு போட்டுத் துவையுங்கள்.

பிளீச் விஷயத்தில் இங்கே ஒரு தனி எச்சரிக்கை தேவை. சில போர்வெல் நீரில் இரும்பு கரைந்திருக்கும். பிடித்தவுடன் தெளிவாக இருந்து, சற்று நேரத்தில் பக்கெட்டில் செம்பழுப்பு படியும். அந்த நீரில் குளோரின் பிளீச்சை ஊற்றினால், கரைந்திருந்த இரும்பு ஒரே நொடியில் துருவாக மாறித் துணியில் படியும். வெளுக்கப் போட்ட பிளீச்சே வேட்டியை மஞ்சளாக்கிவிட்டது என்று பலர் குறைபடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அவ்வாறான நீருக்கு, சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்சிஜன் பிளீச் வகைகளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைப்பது பாதுகாப்பானது. துருக்கறை ஏற்கெனவே விழுந்திருந்தால் எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் வைத்து வெயிலில் காட்டி அலசுங்கள்.

கிணற்றுக்கும் தொட்டிக்கும் போடும் பிளீச்சிங் பவுடரைத் துணிக்குப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்பு உண்டு. கரையாத துகள் ஒட்டிய இடத்தில் நூல் அரிந்து ஓட்டை விழும். எந்தக் குளோரின் பிளீச்சையும் வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் ஆசிட் ஆகியவற்றோடு கலக்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு வெளிப்படும், சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

உவர்மண்ணில் நனைத்து வெள்ளாவி வைத்த காலத்து வெளுப்பு இப்போது வருவதில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் பழம்பெருமை அல்ல. உவர்மண்ணின் காரமும், நீராவியின் சூடும், பிறகு திறந்தவெளி வெயிலும் சேர்ந்து செய்த வேலையைக் குளிர்ந்த நீரும் அரைக்கரண்டி பவுடரும் செய்துவிடாது. தடித்த பருத்தி வேட்டி, படுக்கை விரிப்பு ஆகியவற்றை எப்போதாவது நன்கு சூடான நீரில் சலவைச் சோடாவோடு ஊறவைத்து, நேர்வெயிலில் உலர்த்தினால் அந்த வெளுப்புக்கு அருகில் வரலாம்.

மஞ்சள் கறையில் சோப்பு போட்டதும் அது இரத்தச் சிவப்பாகிறது. கறை நிரந்தரமாகிவிட்டதா?

இல்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறமி காரம் பட்டால் சிவக்கும். சோப்பு காரத்தன்மை உடையது. குங்குமம் செய்வதற்கு மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்ப்பதும் இதே இயல்பைக் கொண்டுதான். நன்றாக அலசினாலோ எலுமிச்சைச் சாறு பட்டாலோ மறுபடி மஞ்சளாகும். அதைக் கண்டு கறை போகிறது என்றும் நினைத்துவிடக் கூடாது, நிறம்தான் மாறுகிறது.

குர்குமினுக்குப் பகை வெயில். சாம்பார் சிந்திய சட்டையில் முதலில் எண்ணெயை அகற்றுங்கள், ஏனெனில் மஞ்சள் எண்ணெயில்தான் கரைந்திருக்கிறது. பாத்திரம் கழுவும் லிக்விட்டைத் தேய்த்து அலசிய பிறகு, ஈரத்தோடு கறைப் பக்கம் மேலே தெரியும்படி நேர்வெயிலில் போடுங்கள். மாலைக்குள் கறை வெளிறியிருப்பதைக் காணலாம்; தேவைப்பட்டால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். சாயத் துணியாக இருந்தால் வெயில் சாயத்தையும் வெளுக்கும் என்பதால் அளவோடு காட்டுங்கள். கறை இருக்கும்போது இஸ்திரி போடாதீர்கள்.

மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த இடம் எதைப் போட்டாலும் போகவில்லையே?

சித்திரை முதல் ஆடி வரை தோப்பிலும், மண்டியிலும், மாம்பழக் கூழ் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. காம்பை ஒடித்தவுடன் பீறிடும் பாலில் எண்ணெய்த் தன்மையுள்ள பகுதியும் நீர்த்தன்மையுள்ள பகுதியும் உண்டு. தோலைப் பொசுக்குவது எண்ணெய்ப் பகுதி. துணியில் பட்டதும் நிறமற்றதாகவே இருக்கும். காற்றுப் பட்டு மெல்லப் பழுப்பாகி, பிறகு கறுக்கும். அந்தக் கறுப்பு உண்டாவதற்கு முன், அதாவது அன்றே, கறையின்மேல் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துப் பிசினை இளக்கி, பாத்திரம் கழுவும் லிக்விட்டால் எண்ணெயையும் சேர்த்து அகற்றிவிட வேண்டும். நீரில் முதலில் நனைத்தால் பிசின் இறுகிப்போகும்.

கறுத்துவிட்ட பிறகு சோப்பால் பயனில்லை. ஆக்சிஜன் பிளீச் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வெளிறுகிறதா என்று பார்த்து, தேவையானால் மறுபடி செய்ய வேண்டும். பழைய கறை முழுவதும் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. வாழைக்கறைக்கும் இதே நிலைதான், அது இன்னும் பிடிவாதமானது. ஆகவே காய் பறிக்கவும் தார் வெட்டவும் தனியாக ஒரு கறுப்புச் சட்டையை ஒதுக்கி வைப்பது எந்த மருந்தையும்விட மேல்.

பழுத்த மாம்பழத்தின் சாறு வேறு வகை. அதன் மஞ்சள் நிறமி வெயிலில் வெளிறும். துணியின் பின்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை விட்டுச் சதைப்பற்றைத் தள்ளி, சோப்பு போட்டுத் துவைத்து வெயிலில் போட்டால் பெரும்பாலும் போய்விடும்.

செம்மண் அப்பிய பள்ளிச் சீருடை, கிரானைட் தூசி படிந்த வேலை உடை: இவற்றை எப்படித் துவைப்பது?

இரண்டுக்கும் முறை நேர் எதிர். செம்மண் ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் நுண்துகள் நூலுக்குள் இறங்கிவிடும். முழுவதும் காயவிட்டு, உதறி, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, பிறகு பவுடரில் ஊறவைக்க வேண்டும். செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு என்பதால் குளோரின் பிளீச் அதை வெளுக்காது.

கிரானைட் அறுப்பவர்கள், பாலிஷ் போடுபவர்களின் உடையை ஒருபோதும் உதறாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசி மூச்சில் போய் நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் நோயைத் தரக்கூடியது. துவைப்பவருக்கும் அந்த ஆபத்து உண்டு. வாசலிலேயே கழற்றி, நேராக நீர் நிறைந்த பக்கெட்டில் அமிழ்த்தி, வண்டல் அடியில் தங்கியதும் துணியை மேலாக எடுத்து வேறு நீரில் துவையுங்கள். குழந்தைகளின் துணியோடு சேர்க்க வேண்டாம்.

தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வந்த உடையை மற்றத் துணிகளோடு போடலாமா?

கூடாது. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களிலும் ஓசூர்ப் பக்கத்துப் பூந்தோட்டங்களிலும் மருந்து தெளிப்பது வழக்கமான வேலை என்பதாலேயே இதில் அலட்சியம் வந்துவிடுகிறது. அன்றே, தனி பக்கெட்டில், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, முதலில் வெறும் நீரில் அலசி, பிறகு சூடான நீரில் பவுடர் போட்டு இருமுறை துவைத்து, வெயிலில் தனிக் கொடியில் உலர்த்துங்கள். நீர்த்த கலவைக்குத்தான் இந்த முறை. கலக்காத கெட்டி மருந்து சட்டையில் கொட்டி ஊறிவிட்டால் அந்தச் சட்டையைத் துவைக்க முயலாமல் கழித்துவிட வேண்டும். கிணற்று மேட்டிலோ ஏரிக்கரையிலோ வாய்க்காலிலோ இதைத் துவைக்கக் கூடாது.

இரத்தம், பேனா மை, வெற்றிலைக் கறை, வண்டி கிரீஸ்?

இரத்தம், பால், முட்டை ஆகியவற்றுக்குக் குளிர்ந்த நீர் மட்டுமே. சூடான நீர் புரதத்தை வேகவைத்து நூலோடு பிடித்துக்கொள்ளச் செய்துவிடும். பால்பாயிண்ட் மைக்குக் கை சுத்திகரிப்பானோ ஸ்பிரிட்டோ விட்டு, அடியில் பழைய துணியை வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வெற்றிலைக் கறையின் சிவப்பைச் சுண்ணாம்புதான் தூண்டுகிறது. ஆகவே புதிய கறையில் எலுமிச்சைச் சாறு அல்லது புளித்த தயிர் தடவி வைத்து, அதன்பின் ஆக்சிஜன் பிளீச்சுக்குப் போகலாம். சங்கிலி கிரீஸுக்கு முகப்பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விட்டால் தேய்க்கலாம். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தொட்டுத் துடைத்த துணியை வாஷிங் மெஷினில் போடவே வேண்டாம். உள்ளே தங்கும் ஆவி தீப்பற்றக்கூடும்.

புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார்களே?

சாயத் தொட்டியில் உப்பு சேர்ப்பது சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்காக. அங்கிருந்து வந்த நம்பிக்கை இது. தொட்டியில் சரியாகப் பிடிக்காமல் விட்ட சாயத்தை வீட்டு உப்பு பிடித்து நிறுத்தாது. துணியில் மிச்சமாக ஒட்டியிருக்கும் சாயம் நீரில் போகத்தான் வேண்டும். நீர் தெளியும் வரை முதல் சில தடவை தனியாக, குளிர்ந்த நீரில், உள்புறம் வெளியே இருக்கும்படி திருப்பித் துவைப்பதே வழி. நனைத்த துணியைச் சுருட்டி வைத்துவிட்டுப் பேச உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு மடிப்பிலிருந்து மறு மடிப்புக்குச் சாயம் இறங்குவது அந்த நேரத்தில்தான். வேறு துணியில் சாயம் ஏறிவிட்டால் அது காயும் முன்பே மறுபடி துவைக்கத் தொடங்கிவிட வேண்டும்.

பட்டுப்புடவையை வீட்டில் துவைக்கலாமா?

தருமபுரியிலும் ஓசூரிலும் பட்டுக்கூடு அங்காடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூட்டிலிருந்து எடுத்த இழை பசையோடு முரடாக இருக்கும். அந்தப் பசையைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில்தான் நீக்குகிறார்கள். அதே காரம் அளவு மீறினால் பட்டிழையையே அரிக்கும். எனவே சலவைச் சோடா, சாதாரணப் பவுடர், புரதக் கறையைச் செரிக்கும் என்சைம் கலந்த டிடர்ஜென்ட் ஆகிய மூன்றும் பட்டுக்கு ஆகாது. பட்டும் புரதம்தான் என்பதை என்சைம் பிரித்துப் பார்க்காது.

கனத்த ஜரிகையுள்ள முகூர்த்தப் புடவையை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். ஜரிகை குறைந்த மென்பட்டை, முந்தானை ஓரத்தில் ஈரத்தை வைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூந்திக்கொட்டையை ஊறவைத்து வடிகட்டிய குளிர்ந்த நீரில் சில நிமிடம் முக்கி எடுத்து, பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் உலர்த்தலாம். ஒவ்வொரு முறை கட்டியதற்கும் துவைக்கத் தேவையில்லை. காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைத்தால் போதும். சென்ட்டையும் அந்துருண்டையையும் ஜரிகைக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்.

ஓசூரில் மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் துணி காய்ந்தபின்னும் ஒரு வாடை வருகிறது. ஏன்?

காயத் தாமதமாவதுதான் காரணம். 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த ஈரவாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவை அடையாளம் காட்டினார்கள். துவைத்தும் போகாமல் நூலில் தங்கி, துணி ஈரமாக இருக்கும் நேரத்தில் பெருகி வாடையை உண்டாக்கக்கூடியது அது. வாசனைத் திரவம் ஊற்றினால் அந்த வாடை மறையுமே தவிரப் போகாது. வாடை பிடித்த பருத்தித் துணியைச் சூடான நீரில் ஆக்சிஜன் பிளீச்சோடு ஊறவைத்துத் துவைத்து ஒருமுறை சுத்தப்படுத்திவிட்டு, அதன்பின் விரைவாக உலர்த்துவதில் கவனம் செலுத்துங்கள்: குறைவாகத் துவைப்பது, ஸ்பின்னை இருமுறை ஓட்டுவது, கொடியில் துணிக்குத் துணி ஒரு கை அகலம் இடம் விடுவது, ஜீன்ஸின் பையை வெளியே இழுத்துவிடுவது, அறைக்குள் என்றால் கீழிருந்து மின்விசிறிக் காற்று படச் செய்வது. துவைத்து முடித்த மெஷினில் துணியை இரவு முழுவதும் விட்டுவைத்தால் இவை எதுவும் உதவாது.

வாஷிங் மெஷினில் போட்டால் துணியில் வெள்ளைத்தூள் ஒட்டுகிறது, மெஷினிலும் நாற்றம் வருகிறது.

வெள்ளைத்தூள் இரண்டு காரணங்களால் வரும்: கரையாத பவுடர், நீரின் சுண்ணாம்பு. பவுடரை ஒரு குவளை வெந்நீரில் கரைத்து ஊற்றிப் பாருங்கள். அப்போதும் வந்தால் அது சுண்ணாம்பு. டிரம்மில் முக்கால் பாகத்துக்கு மேல் துணியைத் திணித்தால் நீர் சுழல இடமிருக்காது, எந்தப் பவுடராலும் பயனில்லை. முன்புறக் கதவுள்ள இயந்திரத்தில் நுரை குறைவான, அதற்கென்று விற்கும் டிடர்ஜென்ட்டையே போட வேண்டும். கைத்துவையல் பவுடரின் நுரை நிறைந்துவிட்டால் துணிமேல் துணி விழும் வேகம் குறைந்து அழுக்கு போகாது.

கடின நீரில் ஓடும் இயந்திரத்தின் ஹீட்டரில் சுண்ணாம்பு ஓடு கட்டும். தயாரிப்பாளரின் கையேடு தடை சொல்லாவிட்டால், சில மாதங்களுக்கு ஒருமுறை 100 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) போட்டு, துணியில்லாமல் சூடான நீரில் ஒரு சுற்று ஓட்டுங்கள். நீர் நுழையும் குழாய் முனையிலுள்ள சிறு வலையைக் கழற்றிப் பார்த்தால் போர் மணல் அடைத்திருப்பது தெரியும். தண்ணீர் நிரம்ப நெடுநேரமாகிறது என்று மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் இதைச் சுத்தம் செய்யுங்கள். கதவின் ரப்பர் மடிப்பைத் துடைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள், சிறு குழந்தைகள் உள்ள வீடாக இருந்தால் அவர்கள் உள்ளே ஏறாதபடி அறையைச் சாத்தி வையுங்கள்.

கஞ்சி போட்ட வேட்டியில் பூச்சி அரிக்கிறது. கஞ்சியே போடக் கூடாதா?

உடுத்துவதற்கென்றால் போடலாம், எடுத்து வைப்பதற்கென்றால் கூடாது. மாவுப்பொருள் இராமபாணப் பூச்சிக்கு உணவு. நீண்ட நாள் பெட்டியில் வைக்கும் வேட்டியைக் கஞ்சி போகத் துவைத்து, நன்றாக உலர்த்தி வைத்துவிட்டு, கட்டுவதற்கு முன் கஞ்சி போட்டுக்கொள்ளுங்கள். இஸ்திரியைச் சற்று ஈரம் இருக்கும்போதே போட்டால் மடிப்பு நிற்கும். சட்டையின் உள்ளே தைத்திருக்கும் சீட்டில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி, இரண்டு இருந்தால் 150, மூன்று இருந்தால் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடு தாங்கும். பாலியஸ்டர் கலந்த துணிக்கு மூன்று புள்ளிச் சூட்டைக் காட்டினால் பளபளவென்று வழவழப்பேறிவிடும், அது மீளாது.

துவைத்த தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

முதல் சோப்பு நீரை வேண்டாம். பவுடரிலுள்ள சோடியம் மண்ணை இறுகச் செய்து, நாளடைவில் நீர் இறங்காமல் ஆக்கிவிடும். பிளீச் கலந்ததும், மருந்து அடித்த உடையை அலசியதும் எந்த மண்ணுக்கும் ஆகாது. கடைசி அலசல் நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ இடம் மாற்றி மாற்றி விடலாம், கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் விட வேண்டாம். கோடையில் தண்ணீர் தட்டுப்படும்போது அதைவிட நல்ல பயன் ஒன்று உண்டு: ஒரு சுமையின் கடைசி அலசல் நீரை எடுத்து வைத்து, அடுத்த சுமையின் அழுக்குத் துணியை அதில் முதலில் ஊறவைக்கலாம்.